இண்டியானா ஜோன்ஸா, லாரா கிராஃப்டா, நேதன் டிரேக்கா: சாகச நாயகர் விவாதத்தை முறையாக நடத்துவது எப்படி?

சாகசப் படங்களை நேசிக்கும் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், சாப்பாடு முடிவதற்குள் இந்தக் கேள்வி எழுந்துவிடும்: இண்டியானா ஜோன்ஸ் சிறந்தவரா, லாரா கிராஃப்ட் சிறந்தவரா, நேதன் டிரேக் சிறந்தவரா? ஹாரிசன் ஃபோர்டு நடித்த படங்களின் தொல்லியலாளர் இண்டி, டூம் ரெய்டர் விளையாட்டுகளின் நாயகி லாரா, அன்சார்ட்டட் விளையாட்டுகளின் புதையல் வேட்டைக்காரர் டிரேக் ஆகியோரே இந்த மூவர். கேள்வி எழுந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் சண்டைத் திறனைப் பேசுவார். இன்னொருவர் யார் முதலில் வந்தவர் என்று ஆண்டுக் கணக்கை எடுத்து வைப்பார். மூன்றாமவர், ஃபோர்ட்நைட் விளையாட்டில் தாம் லாராவின் உருவத்தில் இறங்கி இண்டியைச் சுட்டு வீழ்த்தியதையே சான்றாகக் காட்டுவார். மூவரும் மூன்று வெவ்வேறு வழக்குகளை ஒரே மன்றத்தில் நடத்துவதால் தீர்ப்பு வருவதே இல்லை, குரல்தான் உயர்கிறது. பல ஆண்டுகளாக இந்த விவாதத்தில் முழு மனத்தோடு கலந்துகொண்டு வருபவன் என்ற முறையில், அதைப் பயனுள்ளதாக நடத்துவதற்கு நான் கண்டறிந்த வழிமுறையை இங்கே எழுதுகிறேன். மூன்று நாயகர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், வேறு எந்த இரண்டு சாகச நாயகர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'சிறந்தவர் யார்' என்பது ஒரே கேள்வியைப் போலத் தோன்றினாலும், அதற்குள் குறைந்தது நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. நேருக்கு நேர் மோதினால் யார் வெல்வார் என்பது ஒன்று. தொல்பொருளைத் தேடிக் கண்டடையும் தொழிலில் யார் தேர்ந்தவர் என்பது இரண்டாவது. எழுத்திலும் நடிப்பிலும் யார் முழுமையான மனிதராக உருவாக்கப்பட்டிருக்கிறார் என்பது மூன்றாவது. பிற படைப்புகளின்மீது யாருடைய தாக்கம் பெரியது என்பது நான்காவது. பேச்சைத் தொடங்குமுன் இவற்றுள் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாலைக்கு ஒரு கேள்வி போதும்.

நான்காவது கேள்வியை எடுத்துக்கொண்டால் விடை எளிது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முதல் இண்டியானா ஜோன்ஸ் படம் 1981இல் வந்தது. டூம் ரெய்டர் விளையாட்டு 1996இல், இங்கிலாந்தின் டார்பி நகரில் இயங்கிய கோர் டிசைன் நிறுவனத்தில் டோபி கார்டின் வடிவமைப்பில் பிறந்தது. அன்சார்ட்டட் தொடரின் முதல் விளையாட்டு 2007இல் வெளியானது. கல்லறைக்குள் நுழைபவரை முதலில் ஆணாகவே எண்ணியிருந்த கோர் டிசைன், அந்த உருவம் இண்டியை அதிகமாக ஒத்திருந்ததால் அதைக் கைவிட்டுப் பெண் பாத்திரத்துக்கு மாறியது. இதுவரை வரிசை நேர்கோடாகவே இருக்கிறது. ஆனால் 2013இல் லாராவின் கதையைப் புதிதாகத் தொடங்கிய டூம் ரெய்டர், இடிந்து விழும் பாலங்களையும் மூச்சுவிட இடம்தராத ஓட்டங்களையும் கையாண்ட விதத்தில் அன்சார்ட்டட் தொடரின் சாயல் தெளிவாகவே தெரிந்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டான தி கிரேட் சர்க்கிளில் இண்டிக்குக் குரல் கொடுத்தவர் டிராய் பேக்கர். அவரே 2016இல் வெளியான நான்காவது அன்சார்ட்டட் விளையாட்டில் நேதன் டிரேக்கின் அண்ணன் சாமாக நடித்தவர். தாக்கம் வட்டமாகத் திரும்பி வந்திருப்பதை இதைவிட அழகாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது. எனவே 'முதலில் வந்தவர்' என்ற ஒரே வாதத்தை வைத்து இந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது என்பதை இண்டியின் அணியினர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது.

எந்த இண்டி, எந்த லாரா?

அடுத்ததாக, எந்த வடிவத்தை ஒப்பிடுகிறோம் என்பதை உறுதி செய்யுங்கள். நான் பார்த்தவரையில் விவாதங்கள் பெரும்பாலும் சிதைந்துபோவது இந்த இடத்தில்தான். 1996ஆம் ஆண்டின் லாரா, பெரு நாட்டின் மறைந்துபோன பள்ளத்தாக்கு ஒன்றில் டைரனோசரஸை இரட்டைக் கைத்துப்பாக்கிகளால் சுட்டு வீழ்த்துகிறவர். அவர் அஞ்சுவதையே நாம் பார்ப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் லாரா, கப்பல் உடைந்து யமட்டாய் தீவில் ஒதுங்கி, தொடக்கத்திலேயே இடுப்பில் கம்பி குத்திய காயத்தோடு நடுங்கிக்கொண்டே நெருப்பு மூட்டுகிறவர். 2001ஆம் ஆண்டுப் படத்தில் ஏஞ்சலினா ஜோலி நடித்த லாராவும், 2018ஆம் ஆண்டுப் படத்தில் அலிசியா விகாண்டர் நடித்த லாராவும் இதே போல வெவ்வேறு மனிதர்கள். பெயரும் தொழிலும் ஒன்றாக இருப்பதால் மட்டும் இவர்களைக் கூட்டி ஒரே பாத்திரமாக்கி, தேவைப்பட்டபோது வலிமையை ஒருவரிடமிருந்தும் மனத்துயரத்தை இன்னொருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்வது நேர்மையான வாதம் ஆகாது.

இண்டிக்குப் பெரும்பாலும் ஒரே நடிகர் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1981ஆம் ஆண்டுப் படத்தில் அவர் அடிபட்டால் வலிக்கிற சாதாரண மனிதர். கப்பல் அறையில், உடம்பில் வலிக்காத இடமே இல்லாமல் படுத்திருப்பவர். 2008ஆம் ஆண்டுப் படத்திலோ அணுகுண்டுச் சோதனையின் வெடிப்பில் குளிர்சாதனப் பெட்டிக்குள் பதுங்கி, பெட்டியோடு தூக்கி எறியப்பட்டும் எழுந்து நடக்கிறார். யார் வெல்வார் என்ற கேள்விக்கு இந்த இரண்டு இண்டிகளும் முற்றிலும் வேறான விடைகளைத் தருவார்கள். படங்கள் வெளிவந்த வரிசையும் கதை நிகழும் வரிசையும் வேறு என்பதையும் மறக்கலாகாது. முதல் படத்தின் கதை 1936இல் நடக்கிறது. 1984இல் வந்த இரண்டாவது படத்தின் கதையோ 1935இல் நடக்கிறது. இரண்டாவது படத்தில் பணத்தையும் புகழையும் நாடிப் போகிறவராக இண்டி தோன்றுவதை, 'வளர்ந்த பாத்திரம் மீண்டும் கீழே இறங்கிவிட்டது' என்று ஒருவர் குறை கூறினால், கதைவரிசைப்படி அது வளர்ச்சிக்கு முந்தைய நிலை என்று பதில் சொல்ல முடியும்.

நான் பரிந்துரைக்கும் விதி இது: ஒவ்வொரு பாத்திரமும் முதலில் பிறந்த ஊடகத்தில் உள்ள படைப்புகளே முதன்மைச் சான்றுகள். இண்டிக்குப் படங்கள், லாராவுக்கும் டிரேக்குக்கும் விளையாட்டுகள். மற்ற ஊடகங்களில் வந்தவற்றைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளலாம். இதன்படி 2022இல் டாம் ஹாலண்ட் நடித்து வந்த அன்சார்ட்டட் படத்தை வைத்து டிரேக்கைத் தாழ்த்திப் பேச முடியாது; அது டிரேக்கின் அணியினருக்கு ஆறுதலாகவே இருக்கும்.

திரையில் விழும் அடியும் விளையாட்டில் விழும் அடியும்

திரைப்பட நாயகனையும் விளையாட்டு நாயகனையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் இந்த விவாதத்தின் மிகக் கடினமான பகுதி. இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

விளையாட்டில் நாயகன் சாகிறான். நூறு முறை பள்ளத்தில் விழுகிறான். ஒவ்வொரு முறையும் நாம் பழைய இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறோம். கதைக்குள் அந்த நூறு மரணங்களும் நிகழவே இல்லை. அதேபோல் நாம் வீழ்த்தும் எதிரிகளின் எண்ணிக்கையும் கதையின் அளவுக்குப் பொருந்துவதில்லை. டிரேக் கதைக்காட்சிகளில் நகைச்சுவை உணர்வுள்ள நல்ல மனிதர்; விளையாடும் நேரத்திலோ நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளுகிறார். அந்தத் தொடரை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனத்தாருக்கே இது தெரியும். நான்காவது விளையாட்டில் ஆயிரம் எதிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் விருதுக்கு, கதைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள முரண்பாட்டைக் குறிக்கும் விமர்சனச் சொல்லையே அவர்கள் பெயராக வைத்தார்கள். ஆகவே 'டிரேக் ஆயிரம் பேரை வென்றவர், இண்டி ஐம்பது பேரைக்கூட வெல்லவில்லை' என்ற கணக்கை விவாதத்தில் ஏற்கவே கூடாது.

டிரேக்குக்கு அடிபடும்போது திரை நிறம் மாறுவதைக் குண்டுக் காயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது காயம் அல்ல, அவருடைய அதிர்ஷ்டம் தீர்ந்துகொண்டே வருவதன் அடையாளம் என்றும், அதிர்ஷ்டம் முழுவதும் தீரும்போது உண்மையில் பாயும் ஒரே குண்டுதான் அவரைக் கொல்கிறது என்றும் அதை உருவாக்கியவர்கள் பின்னாளில் விளக்கினார்கள். எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும். ஏனென்றால் திரையில் இண்டியைக் காப்பாற்றுவதும் அதே அதிர்ஷ்டம்தான். ஓடும் லாரியின் அடியில் தொங்கிக்கொண்டு செல்லும் மனிதன் பிழைப்பது திறமையால் பாதி, திரைக்கதையின் கருணையால் பாதி. இப்படிப் பார்த்தால் இருவரையும் ஒப்பிடுவதற்கு ஒரு பொதுத் தளம் கிடைக்கிறது: எத்தனை பேரை வென்றார் என்று கேட்பதை விட்டு, அதிர்ஷ்டம் கைவிடும் தறுவாயில் இவர் என்ன முடிவு எடுக்கிறார் என்று கேட்கலாம்.

1981ஆம் ஆண்டுப் படத்தில், பெரிய வாளைச் சுழற்றிக் காட்டும் வீரனை இண்டி ஒரே குண்டில் சுட்டு முடிப்பதை எல்லோரும் அறிவார்கள். துனிசியாவில் படப்பிடிப்பு நடந்தபோது ஹாரிசன் ஃபோர்டு வயிற்றுக் கடுப்பால் அவதிப்பட்டதால், சவுக்குக்கும் வாளுக்கும் இடையே திட்டமிட்டிருந்த நீண்ட சண்டை சுருக்கப்பட்டு அந்தக் காட்சி பிறந்தது. 'அது நோயால் வந்த காட்சிதானே, பாத்திரத்தின் குணமாக அதை எப்படிக் கொள்ளலாம்' என்று எதிர்த்தரப்பினர் கேட்கக்கூடும். எப்படிப் பிறந்திருந்தாலும், திரையில் இருப்பது பாத்திரத்தின் செயல்தான் என்பது என் முடிவு. களைத்துப்போன ஒருவர், வீரத்தைக் காட்ட வேண்டும் என்ற விருப்பமே இல்லாமல் வேலையை முடிக்கிறார். இண்டி யார் என்பதை அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன.

லாராவின் முதல் விளையாட்டை இதே கவனத்தோடு அணுக வேண்டும். அதன் உலகம் முழுவதும் சதுரக் கட்டங்களால் ஆனது. ஓடித் தாண்ட வேண்டிய பள்ளம் எதிரே இருந்தால், விளிம்பில் நின்று ஒரு தாவல் பின்னால் எடுத்து, அங்கிருந்து ஓடி, சரியான நொடியில் குதிக்க வேண்டும். அளந்து, தனியாக, அமைதியாகச் செய்யும் இந்தக் கணிப்புதான் அந்த லாராவின் குணம். வசனங்களில் அது இல்லை. விளையாடுகிறவரின் விரல்களில் இருக்கிறது. படம் மட்டும் பார்த்துவிட்டு லாராவைப் பற்றிப் பேச வருபவரிடம், அந்த விளையாட்டின் முதல் இரண்டு நிலைகளையாவது ஆடிவிட்டு வரச் சொல்லுங்கள்.

எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ளுங்கள்

இண்டிக்கு எதிராக வைக்கப்படும் புகழ்பெற்ற வாதம் ஒன்று உண்டு: முதல் படத்தில் இண்டி இல்லாமல் இருந்திருந்தாலும் நாஜிகள் பைபிளில் வரும் உடன்படிக்கைப் பேழையைக் கண்டுபிடித்து, திறந்து, அதன் சக்தியால் மடிந்திருப்பார்கள், எனவே அவர் கதைக்குத் தேவையற்றவர். 2013இல் ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் இதை எடுத்தாண்ட பிறகு பட்டிதொட்டியெல்லாம் பரவிய வாதம் இது. இதைக் கேட்டவுடன் கோபப்படாமல், காட்சி காட்சியாகப் பரிசோதிப்பதுதான் சரியான முறை.

நாஜிகள் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பேழை இருக்கும் இடத்தைக் காட்டும் கோலின் தலைப்பகுதியில் இருக்கும் பதக்கத்தின் ஒரு பக்கத்து எழுத்து மட்டுமே, அவர்களுடைய ஆள் ஒருவனின் உள்ளங்கை சுட்ட தழும்பாக அவர்களுக்குக் கிடைத்திருந்தது. கோலின் உயரத்தைக் குறைக்கச் சொல்லும் மறுபக்கத்து எழுத்து கிடைக்கவில்லை. சரியான இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டியவர் இண்டி. ஆக, அவர் இல்லாவிட்டால் பேழை மணலுக்குள்ளேயே இருந்திருக்கும் என்று சொல்ல இடமுண்டு. அதற்கு மறுமொழியாக, நேபாளத்துக்கு இண்டி போயிருக்காவிட்டால் பதக்கம் முழுவதுமாக நாஜிகளின் கைக்கே போயிருக்கும், அப்போது அவர்கள் சரியான இடத்தைத் தாமே கண்டிருப்பார்கள் என்று வாதிடலாம். அதற்கும் மறுமொழி உண்டு: இண்டி ஏறிய விமானத்திலேயே அவரைக் கண்காணிக்கும் ஆள் ஒருவன் அமர்ந்திருக்கிறான், பதக்கத்தை வைத்திருந்த மரியனின் மதுக்கடைக்கு அவர்களை அழைத்துச் சென்றதே இண்டியின் பயணம்தான் என்று கருத இடமிருக்கிறது. இப்படி ஒவ்வொரு படியாக இறங்கும்போது, 'தேவையற்றவர்' என்ற ஒற்றைச் சொல் கரைந்து, இண்டியின் ஒவ்வொரு செயலும் நன்மையையும் தீமையையும் ஒருசேர இழுத்து வருகிறது என்ற உண்மை வெளிப்படுகிறது.

அதே படத்தில் இன்னொரு காட்சியை நான் எப்போதும் குறிப்பிடுவேன். பேழையைத் தகர்த்துவிடுவேன் என்று தோளில் ராக்கெட் குண்டு எறிகருவியோடு மலைமேல் நின்று மிரட்டும் இண்டியால் அதைச் செய்ய முடியவில்லை. அவருக்குள் இருக்கும் வரலாற்றாசிரியரை அறிந்த, நாஜிகளோடு சேர்ந்த போட்டித் தொல்லியலாளன் பெல்லோக், சுடச் சொல்லிச் சவால் விடுகிறான். இண்டி கருவியை இறக்கிவிடுகிறார். சாகச நாயகன் ஒருவன் தன் அறிவாலேயே தோற்கும் காட்சி அது. லாராவிடமோ டிரேக்கிடமோ இதற்கு இணையான காட்சி உண்டா என்று அவர்களின் அணியினரைத் தேடச் சொல்லுங்கள். டிரேக்கின் அணியினர், பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில மாலுமி பிரான்சிஸ் டிரேக்கின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு அந்த மாலுமியின் மோதிரத்தைக் கழுத்தில் அணிந்து திரியும் அவருடைய அந்தப் பெயரே பிறப்பில் வந்ததன்று என்று தெரியவரும் இடத்தைக் கொண்டுவருவார்கள். அது வலுவான பதில்தான்.

குறைகளைப் பேசும்போது படத்தின் குறையையும் பாத்திரத்தின் குறையையும் பிரித்துப் பேசுங்கள். 1984ஆம் ஆண்டுப் படம் இந்தியாவைக் காட்டிய விதம், முக்கியமாகக் குரங்கின் மூளையும் கண்விழிச் சூப்பும் பரிமாறப்படும் அந்த விருந்து, நம்மில் பலருக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. இந்திய அரசு திரைக்கதையை ஏற்காததால் படப்பிடிப்பு இலங்கைக்கு மாறி, கண்டிப் பகுதியில் நடந்தது. அம்ரிஷ் பூரி போன்ற தேர்ந்த நடிகர் வில்லனாக நடித்திருந்தும் அந்தச் சித்திரிப்பு மன்னிக்கத்தக்கதாகி விடவில்லை. ஆயினும் அது படத்தை எடுத்தவர்களின் பார்வையில் உள்ள குறை. பாத்திரத்தின் செயல் என்று பார்த்தால், அந்தக் கதையின் முடிவில் இண்டி புனிதக் கல்லைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் கிராமத்துக்கே திருப்பிக் கொடுக்கிறார். மற்றக் கதைகளில் அருங்காட்சியகத்துக்கே எல்லாம் சேர வேண்டும் என்று பேசும் மனிதர், இங்கே உரியவர்களின் கையில் ஒப்படைக்கிறார். கண்டெடுத்த பொருள் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற இந்தக் கேள்வியை மூன்று நாயகர்களிடமும் கேட்டுப் பாருங்கள்; சண்டைத் திறனைவிட அதிகமாக அது அவர்களை வேறுபடுத்திக் காட்டும்.

எல்லோரும் சந்திக்கும் விளையாட்டுகளைச் சான்றாக்கலாமா?

வெவ்வேறு படைப்புகளின் பாத்திரங்களை ஒரே களத்தில் இறக்கும் கிராஸ்ஓவர் விளையாட்டுகள் இந்த விவாதத்துக்குப் புதிய எரிபொருளை ஊற்றியிருக்கின்றன. ஃபோர்ட்நைட்டில் லாரா 2021 மார்ச்சிலும், டிரேக் 2022 பிப்ரவரியிலும், இண்டி அதே ஆண்டு ஜூலையிலும் வந்து சேர்ந்தார்கள். மூவரும் ஒரே தீவில் நிற்பதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் அங்கே அவர்கள், விளையாடுகிறவர் அணிந்துகொள்ளும் உடைகள் மட்டுமே. எந்த உருவத்தில் இறங்கினாலும் ஓடும் வேகமும் தாங்கும் அடியும் ஒன்றே. வெல்வது விளையாடுகிறவரின் கை. சண்டை விளையாட்டுகளில் பாத்திரங்களுக்கென்று தனித்தனி அடிகள் இருந்தாலும், யாரைத் தேர்ந்தெடுத்தாலும் வெல்ல வாய்ப்பிருக்கும்படி அவற்றைச் சமன்செய்வதே உருவாக்குபவர்களின் வேலை. 2012இல் வந்த பிளேஸ்டேஷன் ஆல்ஸ்டார்ஸ் போட்டியில் டிரேக் கடவுளையே எதிர்க்கும் கிரேட்டோஸோடு மோதி வெல்ல முடியும். அதிலிருந்து டிரேக்கின் வலிமையைப் பற்றி ஒரு முடிவும் கிடைக்காது. யார் இடம்பெற்றார் என்பதுகூடத் தகுதியைக் காட்டுவதில்லை. சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை விளையாட்டுத் தொடரை உருவாக்கிய மசாஹிரோ சாகுராய் வீடியோ கேமில் பிறந்த பாத்திரங்களையே சேர்த்துக்கொண்டார். அந்த விதிப்படி, எவ்வளவு புகழிருந்தாலும் இண்டி அங்கே நுழைய முடியாது.

அப்படியானால் இவ்விளையாட்டுகளுக்கு விவாதத்தில் இடமே இல்லையா என்றால், உண்டு. ஒரு பாத்திரத்தை அடையாளம் காட்ட எது இன்றியமையாதது என்பதை அவை நமக்குச் சொல்லும். அதைவிட மேலான சான்று, ஆட்டத்தின் விதியே பாத்திரத்தின் குணமாக அமையும் இடங்களில் கிடைக்கிறது. 1992இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ், இண்டியின் பயணத்துக்கு மூன்று பாதைகளை வைத்தது: தோழி சோஃபியாவோடு சேர்ந்து செல்வது, அறிவால் புதிர்களை அவிழ்ப்பது, கைமுட்டியால் வழி உண்டாக்குவது. இண்டியின் மூன்று முகங்களும் அந்தத் தேர்விலேயே அடங்கிவிட்டன. துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்பெற்ற உல்ஃபென்ஸ்டைன் விளையாட்டுகளைச் செய்த மெஷின்கேம்ஸ் நிறுவனம், 1937இல் கதை நிகழும் தி கிரேட் சர்க்கிளில் துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளி, சவுக்கையும் குத்துகளையும் ஒளிந்து நகர்வதையும் முன்னுக்குக் கொண்டுவந்தது. பாத்திரத்தைப் புரிந்துகொண்டவர்கள் எடுத்த முடிவு அது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இதையே ஒரு பயிற்சியாக்கலாம். மூவரும் உண்மையாகவே தத்தம் குணத்தோடு வரும் ஒரு விளையாட்டை நீங்களே வடிவமைப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தனி விதியை எழுதச் சொல்லுங்கள். என் விடைகள் இவை: லாரா குதிக்குமுன் தூரத்தைத் துல்லியமாகப் பார்க்க முடியும், டிரேக்குக்கு அதிர்ஷ்டம் ஓர் இருப்பாக இருந்து குறைந்துகொண்டே வரும், இண்டியால் எந்தப் பழம்பொருளையும் உடைக்க முடியாது, உடைத்தால்தான் வெல்லலாம் என்ற நிலை வந்தாலும். விதியை எழுத முடியாமல் திணறுகிறவர், தாம் ஆதரிக்கும் நாயகனை இன்னும் சரியாக அறியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

விவாதம் நடக்கும் நாளில்

விவாதத்தில் எந்தப் பக்கமும் சாராத ஒருவர் நடுவராக இருக்கட்டும். சான்று சொல்பவர் எந்தப் படம் அல்லது விளையாட்டு, அதில் எந்தக் காட்சி என்று குறிப்பிட வேண்டும். 'எங்கோ பார்த்தேன்' என்பது கணக்கில் சேராது. இரு தரப்பும் பேசி முடித்ததும் பக்கம் மாறி, எதிர்த்தரப்புக்காகப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். இண்டிக்காக உயிரைக் கொடுத்து வாதாடும் நான், லாராவுக்காகப் பேச நேர்ந்த ஒரு மாலையில்தான் முதல் டூம் ரெய்டரின் தனிமையும் அமைதியும் எவ்வளவு அரியவை என்று உணர்ந்தேன். திரையில் காணும் நாயகர்களில் இண்டிதான் முதல்வர் என்ற என் கருத்து மாறவில்லை; ஆனால் கையில் எடுத்து ஆடும் நாயகர்களில் 1996ஆம் ஆண்டு லாராவுக்கு மேல் யாரையும் நான் வைப்பதில்லை.

முடிவை எழுதும்போது கேள்வியையும் வடிவத்தையும் சேர்த்தே எழுதுங்கள். 'இண்டி வென்றார்' என்று எழுதாமல், 'முழுமையான மனிதராக உருவாக்கப்பட்டவர் என்ற கேள்வியில், 1981ஆம் ஆண்டின் இண்டி, 2013ஆம் ஆண்டின் லாராவைவிட மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மேலானவராகக் கருதப்பட்டார்' என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை கூடும்போது அந்தத் தாளை எடுத்து, வேறொரு கேள்வியையும் வேறொரு லாராவையும் தேர்ந்துகொண்டு தொடங்கலாம்.